படுக்கைக்கு ஏது பட்டா?

ஒரு படுக்கைக்கு 20,000 ரூபாய். வாடகைக்கு இருக்கும் ஏழைகளின் பெயரால் ஒன்றிய அரசு தந்த மானியக் கணக்கு இது. வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் தங்குமிடத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ மேடையில் இருந்தார். இருபது ஏக்கர் நிலம், 706.50 கோடி ரூபாய் செலவு, அறைக்கு ஆறு பேர். பதினெட்டாயிரத்துச் சொச்சத்தை இருபதாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 37 கோடியே 44 இலட்சம். அதுதான் இந்தத் திட்டத்துக்கு வந்த ஒன்றிய அரசின் மானியம்.

பணம் கட்டடம் கட்டிய சிப்காட்டுக்குப் போனது. கட்டடம் நிறுவனத்தின் ஆட்களுக்குப் போனது. படுக்கையில் படுக்கிற பெண் யார்? தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைப் புரட்டினால் அவர் வாடகைதாரர் இல்லை. வீட்டுவசதி நலத்திட்டத்தின் பயனாளி என்று அவருடைய தலையை எண்ணிப் பணம் வாங்கலாம். அதே தலைக்கு ஒரு வாடகைதாரருக்குரிய குறைந்தபட்சப் பாதுகாப்பு கிடையாது.

இது ஏதோ எழுத்தர் செய்த பிழை அல்ல, தோழர்களே. யாரை 'உரிமையாளர்' என்று எழுதுவது, யாரை 'வாடகைதாரர்' என்று எழுதுவது, யாரை 'தங்கியிருப்பவர்' என்று மட்டும் எழுதுவது என்ற வகைபிரித்தல் இது. இதற்குப் படிகள் உண்டு. மேல்படியில் இருப்பவருக்கு எல்லாம் உண்டு, இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழன்று போகும். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் எதைச் சொன்னாரோ அதன் வருவாய்த்துறைப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்படியில் பட்டாக்காரர். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட மூன்றரை இலட்சம் ரூபாய் வேண்டுமா? சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும். பிரதம மந்திரி திட்டத்தில் தானே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவுக்கும் கையில் மனை இருக்க வேண்டும். நிலமற்றவருக்கும் வழி உண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்டு, பட்டா கொடுத்தபின், புறம்போக்கை வகைமாற்றம் செய்தபின். அந்தப் 'பின்' எத்தனை தலைமுறை என்று சேரிக்குத் தெரியும்.

அடுத்த படியில் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு குடியிருப்பவர். ஒரகடத்திலும் மாத்தூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் லைன் வீடுகளில் இருக்கும் எத்தனை பேரிடம் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறது? அட்வான்ஸ் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டு கிடைத்தாலே பெரிய விஷயம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒழித்துவிட்டுக் கொண்டுவரப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதாகப் பெயர். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க அதன் 21ஆவது பிரிவு வீட்டுக்காரருக்கு இடம் தருகிறது. எழுதித் தர மறுப்பவர் வீட்டுக்காரர். எழுதவில்லை என்பதற்காகத் தெருவுக்கு வருபவர் குடியிருப்பவர். மின்சாரத்திலும் இதே கதை. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். லைன் வீட்டுக்காரரிடம் உள்மீட்டரைக் காட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூல். நலத்திட்டம் சுவர் வரை வருகிறது, உள்ளே வருவதில்லை.

அதற்கும் கீழே, படிக்கட்டின் அடியில், படுக்கைக்காரர்கள். ஹாஸ்டல், மென்ஸ் பிஜி, லேடீஸ் பிஜி, கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த வீடு, கம்பெனி குவார்ட்டர்ஸ். இந்தத் தொழில்பேட்டை இவர்கள் மேல்தான் நிற்கிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இச்சட்டம் பொருந்தாது என்று சொல்கிறது. அரசோ அரசு நிறுவனமோ உரிமையாளராக இருக்கும் கட்டடம்: பொருந்தாது. கம்பெனி தன் ஊழியர்களுக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுக்கும் கட்டடம்: பொருந்தாது. ஒன்றிய அரசு 2021இல் அனுப்பி வைத்த மாதிரி வாடகைச் சட்டமும் இதே பாட்டைப் பாடுகிறது. லாட்ஜ், தர்மசாலை, விடுதி ஆகியவற்றைக் கட்டடம் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிடுகிறது. சிப்காட் அரசு நிறுவனம். ஆகவே வல்லம் வடகாலில் இருக்கும் படுக்கைக்கு வாடகை ஆணையம் இல்லை, வாடகை நீதிமன்றம் இல்லை. லைன் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தினால் குறைந்தபட்சம் தடுக்க ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. வேலை போன அன்று மாலையே பெட்டியை எடு என்று ஹாஸ்டல் வார்டன் சொன்னால் எந்தப் பிரிவைக் காட்டுவது? பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. உரிமம், கண்காணிப்பு, வசதிகள் பற்றியது அது. விடுதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும். விடுதியில் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று சொல்லாது.

வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திடம் 130 ஆண்டு ஆவணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதை நாம் பஞ்சமி நிலத்துக்காக நினைவு வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு வந்த அரசாணை, அதன் பிறகு பறிக்கப்பட்ட நிலம், மீட்கப் போராடி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை. ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு பெரிய விஷயமும் உண்டு: வீட்டு மனை. சேரியில் குடிசை நிற்கும் மண்ணுக்கும் மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், எதிர்த்துப் பேசினால், குடிசையைப் பிடுங்கு. அடிமை முறையைச் சட்டம் ஒழித்த பிறகும் ஆளைக் கட்டிப் போட்ட கயிறு அதுதான். வயலில் கூலியைக் கட்டுப்படுத்த வயலுக்குள் நிற்கத் தேவையில்லை. அவன் படுக்கும் இடம் நம் கையில் இருந்தால் போதும் என்று மிராசுதாருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கயிற்றை அறுக்கத் தமிழ்நாட்டுக்கு 1971 வரை ஆனது. இடையில் 1961இல் வெளியேற்றத்தைத் தடுக்கும் ஒரு சட்டம், 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள். கலைஞர் ஆட்சியில் வந்த 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. இளைய தோழர்கள் அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வாடகை கொடுத்து இருப்பவருக்கு மட்டும் என்று அது எழுதவில்லை. நில உடைமையாளரின் அனுமதியின் பேரில் இருப்பவருக்கும் என்று எழுதியது. இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம். ஏனென்றால் எந்த மிராசுதாரும் வந்து, "அவன் குடித்தனக்காரன் இல்லை, என் பண்ணையாள்; பாவம் என்று இருக்க விட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். 'அனுமதி' என்ற வகைக்குள் ஒளிந்திருப்பது கருணை அல்ல, கட்டுப்பாடு என்று அன்றைய சட்டமன்றத்துக்குப் புரிந்திருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து அதே சட்டமன்றம், முதலாளியின் கட்டடத்தில் இருக்கும் தொழிலாளியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி ஒரு சட்டம் போட்டது. அப்போது அ.தி.மு.க. ஆட்சி. பிறகு வந்த தி.மு.க. ஆட்சி அந்தப் பிரிவைத் தொடவில்லை. அதன் நிழலில் 18,720 படுக்கைகளைக் கட்டியது.

கட்டியதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? பூந்தமல்லிப் பக்கத்தில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செத்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அறைகளில் தரையில் படுக்க வைக்கப்பட்டது, சில கழிவறைகளில் தண்ணீர் இல்லாதது எல்லாம் அதன் பிறகுதான் உலகச் செய்தி ஆனது. சில விடுதிகள் தங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை 2022 ஜனவரி 12 வரை ஓடவில்லை. அந்தப் பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் வல்லம் வடகாலின் பத்து மாடிகள் எழுந்திருக்குமா என்பது சந்தேகம். போராடிப் பெற்ற கட்டடம் அது. ஆனால் போராட்டத்துக்கு அரசு கொடுத்த பதில் நல்ல கட்டில், நல்ல சாப்பாட்டுக் கூடம். அந்தக் கட்டிலில் நான் யார் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்த முறை அவர்கள் சாலையில் உட்கார்ந்தால், இரவு திரும்பிப் போகும் கதவின் சாவி யாரிடம் இருக்கும்?

திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கொரோனா ஊரடங்கில் இலட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகு, 2020 ஜூலை 8 அன்று ஒன்றிய அமைச்சரவை 'மலிவு வாடகை வீட்டு வளாகங்கள்' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் மானிய விகிதத்தைப் பாருங்கள். 60 சதுர மீட்டர் வரையுள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய். 10 சதுர மீட்டர் டார்மிட்டரி படுக்கைக்கு 20,000. அதே 60 சதுர மீட்டரில் ஆறு படுக்கை போட்டால் ஒரு இலட்சத்து இருபதாயிரம். குடும்பம் இருந்தால் குறைவு, தனித்தனி உடல்களாக அடுக்கினால் அதிகம். வாடகையைத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிடும் ஏற்பாட்டுக்கும் வழிகாட்டு நெறிமுறையில் இடம் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், கைம்பெண்கள், வேலைக்குப் போகும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினருக்கு முன்னுரிமை என்று ஒரு வரியும் உண்டு. மொத்தக் கட்டடமும் ஒரு கம்பெனி ஆட்களுக்கு என்றான பிறகு அந்த முன்னுரிமையை யார் யாருக்குக் கொடுப்பது? ஆளெடுப்பில் இல்லாத இடஒதுக்கீடு கட்டிலில் எப்படி வரும்?

கல்யாணம் ஆனவர்? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வை வெளியிட்டது. திருமணமான பெண்களை ஐபோன் பூட்டும் வேலையில் சேர்க்காமல் ஒதுக்குகிறார்கள் என்றது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த விவாதம் முழுக்க ஆளெடுப்பைப் பற்றியே இருந்தது. அறைக்கு ஆறு கட்டில் என்று வரைபடம் போடும்போதே புருஷன், பிள்ளை, வயதான அம்மா எல்லோரும் வரைபடத்துக்கு வெளியே போய்விட்டார்கள் என்பதை யாரும் பேசவில்லை. இன்னொரு பக்கம், ஒன்றிய வீட்டுத் திட்டத்தின் குடும்ப வரையறையில் திருமணமாகாத மகள் தனிக் குடும்பம் அல்ல, அப்பா குடும்பத்தில் ஓர் ஆள். ஊரில் அப்பா பெயரில் ஒரு தொகுப்பு வீடு இருந்தால் இவர் 'வீடு உள்ளவர்'. ஆக, கல்யாணம் ஆகாதவரை வீட்டுக்கு ஆளில்லை, ஆனபின் கட்டிலுக்கு ஆளில்லை.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார், குறுக்கிட வேண்டும். "லைன் வீட்டுக்குப் போனால் என்ன ஆளுங்க என்று கேட்கிறான். சொந்த ஊர் எது, ஊரிலா காலனியிலா என்று சுற்றி வளைக்கிறான். கறி சமைப்பீங்களா என்று கேட்டு முடிவு கட்டுகிறான். கம்பெனி ஹாஸ்டலில் யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் கட்டிலில் எந்தச் சாதிப் பெண் படுப்பது என்று கம்பெனிதான் முடிவு செய்கிறது, அவளுடைய அப்பா அல்ல. இது முன்னேற்றம் இல்லையா?"

முன்னேற்றம்தான். ஆதிக்கசாதி வீட்டுக்காரர்களின் திண்ணையில் நின்று பொய்ப்பெயர் சொல்ல வேண்டியிருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்தவர், மன்னரின் அலுவலர், விடுதியில் அவர் வெறும் தங்கியிருப்பவர். நூறு ஆண்டு கழித்தும் விடுதியில் இருப்பவருக்குச் சட்டத்தில் அதே பெயர்தான். சாதி கேட்காத ஒரே வாசல் கம்பெனி விடுதி என்றால், அந்த வாசலுக்குள் போகிறவருக்குத்தான் உரிமை முதலில் தேவை. சாதிக்காரன் தயவிலிருந்து தப்பிக்க முதலாளி தயவுக்குப் போ என்று சொல்வதற்குப் பெயர் சமூகநீதி இல்லை.

திண்ணையில் கேட்கப்படும் கேள்விக்கும் சட்டம் பதில் வைத்திருக்கவில்லை. கடையிலும் ஓட்டலிலும் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2). தனியார் வீட்டை வாடகைக்கு விடுபவரை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே வீடு என்று கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்வதை 2005இல் சோராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித், முஸ்லிம் என்று தெரிந்ததும் வீடு கிடைக்காமல் போவதையும் கூடுதல் நிபந்தனைகள் முளைப்பதையும் பதிவு செய்தது. நம்முடைய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதியின் பெயரால் வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். முன்பணம் எவ்வளவு, பூட்டு யார் பழுது பார்ப்பது என்பதெல்லாம் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தபோது நாம் வரவேற்றோம். ஆவணத்திலிருந்து போன சொல் திண்ணையில் நிற்கிறது.

சரி, படுக்கையை வீடு என்று ஏற்பது அவ்வளவு கடினமா? வரி என்று வந்தால் இல்லை. 2022 ஜூலையில் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான தங்குமிடங்களுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு எடுக்கப்பட்டது. ஹாஸ்டல் வீடு அல்ல, வணிகம் என்று 2023இல் தமிழ்நாட்டின் முன்தீர்ப்பு ஆணையமும் சொன்னது. விடுதி நடத்துபவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் தீர்ப்பு: கொடுப்பவர் கண்ணோட்டத்தில் பார்க்காதே, தங்குபவர் கண்ணோட்டத்தில் பார், உண்டு உறங்கும் இடம் அவருக்கு வீடு, வரி இல்லை. அந்த ஜூன் மாதமே ஜி.எஸ்.டி. கவுன்சில், மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், 90 நாள் தொடர்ந்து தங்கினால் விலக்கு என்று முடிவெடுத்தது. ஆக, 90 நாள் தங்கினால் அது வேறு வகை என்று ஏற்க அரசுக்குத் தெரிந்திருக்கிறது. வழக்குப் போட்டவர்கள் விடுதி உரிமையாளர்கள், வரி அவர்கள் கையைக் கடித்தது, வகை மாறியது. தங்குகிற பெண்ணின் உரிமை யார் கையையும் கடிக்கவில்லை.

கணக்கெடுப்பு இன்னும் மோசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் சொந்தம், வாடகை, மற்றவை என்று மூன்றே பெட்டி. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 'நிறுவனக் குடும்பங்கள்'. சிறை, அநாதை இல்லம், ஆசிரமம் எல்லாம் அதே பெட்டியில். வீட்டு வசதிகள் பற்றிய அட்டவணைகளில் அவர்கள் சேர்க்கப்படுவதில்லை. 2027 கணக்கெடுப்பில் சாதி எண்ணப்படும் என்பது நம் நெடுநாள் கோரிக்கையின் வெற்றி. ஆனால் வீடு பற்றிய கேள்விகள் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான முதல் கட்டத்தில். சாதி கேட்பது அடுத்த கட்டத்தில். முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்பதோடு சரி. எந்தச் சாதிக்காரர் சொந்த வீட்டில் இருக்கிறார், எந்தச் சாதிக்காரர் கட்டிலில் இருக்கிறார் என்று பிறகு யாராவது கேட்டால், தரவு இல்லை என்று கை விரிப்பார்கள்.

கேட்க வேண்டியவை நிலவைக் கேட்பது போன்றவை அல்ல. 90 நாள் தாண்டித் தங்கும் எவரும், கட்டிலோ லைன் வீடோ, வாடகைதாரர் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத வேண்டும். 3ஆவது பிரிவின் அரசு நிறுவன விலக்கும் கம்பெனி விலக்கும் தொழிலாளர் தங்குமிடங்களுக்குப் பொருந்தாது என்று சேர்க்க வேண்டும். படுக்கைக் கணக்கில் மானியம் வாங்கும் எவரும் படுக்கைக்காரர் பெயரில் ஒப்பந்தம் எழுத வேண்டும். வேலை போனாலும், வேலைநிறுத்தம் நடந்தாலும், குறிப்பிட்ட காலம் வரை கதவைச் சாத்தக் கூடாது. சாதி, மதம், திருமணம் காரணமாக வீடு மறுப்பது குற்றம். மாடியில் பாதியையாவது குடும்பங்களுக்கான அறைகளாகக் கட்ட வேண்டும்.

அதுவரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. சிப்காட் பொது அதிகார அமைப்பு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். வல்லம் வடகால் தங்குமிடத்துக்காக நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். தங்குபவரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தின் நகல் வேண்டும். வேலையிலிருந்து நின்ற பெண் எத்தனை நாளில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.